விசாரித்துவிட்டுக் கொடுங்கள், ஆனால் கொடுங்கள்



மதுரை மருத்துவமனைகளில் நோயாளிகளின் குடும்பங்களுக்கு ஒத்தாசையாக இருந்துவரும் தன்னார்வலர்கள் நாங்கள். ரத்தத்துக்கு ஆள் தேடுவதும், காப்பீட்டு அட்டைக்காக அவர்களோடு அலைவதும் எங்கள் வேலை. அண்மைக் காலமாக எங்களிடம் ஓயாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: "வாட்ஸ்அப்பில் ஒரு குழந்தையின் படம் வந்திருக்கிறது. உண்மையா, பணம் போடலாமா?"

கேட்பவர்களுக்கு நன்றி. எதையும் கேட்காமல் உடனே பணம் போடுகிறவர்களையும், 'எல்லாம் ஏமாற்று வேலை' என்று தள்ளிவிடுகிறவர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம். பாதிக்கப்படுவது இரண்டு வகையிலும் உண்மையான நோயாளிதான்.

மோசடிக்காரர்கள் பெரும்பாலும் புதிதாகக் கதை கட்டுவதில்லை. உண்மையான வேண்டுகோளையே எடுத்து, படத்தையும் மருத்துவச் சீட்டையும் அப்படியே விட்டுவிட்டு, க்யூஆர் கோடை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். 2020இல் பி.எம். கேர்ஸ் நிதி தொடங்கிய சில நாட்களிலேயே, அதன் யுபிஐ முகவரியில் ஒரே ஓர் எழுத்தைக் குறைத்துப் போலி முகவரி உருவாக்கினார்கள். நாடறிந்த நிதிக்கே அந்தக் கதி என்றால், உசிலம்பட்டிப் பக்கத்துக் கூலித் தொழிலாளியின் வேண்டுகோளுக்கு யார் காவல்? ஆகவே நோயைச் சந்தேகிக்கும் முன் கணக்கு எண்ணைச் சந்தேகியுங்கள். பணம் அனுப்பும்போது திரையில் தெரியும் பெயர் யாருடையது என்று பாருங்கள்.

தேதி இல்லாத செய்தியைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். சிகிச்சை முடிந்து குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அந்தப் படம் சுற்றிக்கொண்டிருக்கும். குழந்தை தவறிப்போன பிறகும் சுற்றும். அந்தத் தாயின் எண்ணுக்கு முன்பின் தெரியாதவர்கள் கூப்பிட்டு, "பாப்பா இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். நல்ல மனத்தோடு கேட்பவர்கள்தான். ஆனால் அந்தக் கேள்வி அவளை என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.

விசாரிப்பது கடினமில்லை. நோயாளியின் பெயர், மருத்துவமனை, உள்நோயாளி எண், மருத்துவமனை முத்திரையோடு கூடிய செலவு மதிப்பீடு ஆகியவற்றைக் கேளுங்கள். செய்தியில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, மருத்துவமனையின் பொது எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிடுங்கள். நோய் விவரத்தைச் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. "இந்த நோயாளியின் கணக்கில் நான் பணம் கட்டலாமா?" என்று மட்டும் கேளுங்கள். கட்டலாம் என்றால் அங்கேயே கட்டுவது நல்லது. அதற்காக, சொந்தக் கணக்கைத் தருபவர்கள் எல்லாரும் பொய்யர்கள் இல்லை. அறை வாடகை, சாப்பாடு, வெளியே வாங்கும் மருந்து எல்லாவற்றுக்கும் கையில் காசு வேண்டும். அத்தகைய குடும்பத்தை நேரில் அறிந்த ஒருவரைக் கண்டுபிடித்துப் பேசுங்கள்.

இனி, உதவிக்குத் தகுதியானவரா என்ற கேள்வி. "கையில் நல்ல போன் வைத்திருக்கிறாரே, வாசலில் பைக் நிற்கிறதே" என்கிறார்கள். அந்த பைக்கில்தான் அவர் வேலைக்குப் போகிறார். கல்லீரல் கெட்ட நடுவயதுக்காரர் என்றால் "குடித்திருப்பார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். குடிக்காதவர்களுக்கும் கல்லீரல் கெடும். குடித்தவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். குழந்தை என்றால் இந்தக் கேள்வி எழுவதில்லை. 2021இல் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் ஒரு குழந்தையின் முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு நோய்க்கு 18 கோடி ரூபாய் தேவைப்பட்டது. 46 கோடிக்கு மேல் குவிந்தது. அந்த ஈரத்தை வணங்குகிறோம். ஆனால் படம் பார்த்து மனம் இளகுவதை மட்டுமே அளவுகோலாக்கினால், அழகான படம் இல்லாத நோயாளிக்கு ஒன்றும் வராது. எவ்வளவு தேவை, எவ்வளவு சேர்ந்துவிட்டது, மிச்சம் என்ன என்று கேளுங்கள். நோயாளியின் ஒழுக்கத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

சில நேரம் பணத்தைவிடத் தகவலே பெரிய உதவி. தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். இது தெரியாமலே வட்டிக்கு வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாலை விபத்து என்றால் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரத்துக்குக் கைகொடுக்கும். காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கும் அறுவை சிகிச்சைக்கு ஒருவர் இணையத்தில் பணம் கேட்டால், மோசடி என்று கூச்சலிட வேண்டாம். மருத்துவமனையின் காப்பீட்டுத் திட்ட மையத்துக்கு வழி காட்டுங்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வங்கியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.

இப்போது உங்கள் போனில் அப்படியொரு வேண்டுகோள் இருக்கக்கூடும். அனுப்பியவரிடம் உள்நோயாளி எண்ணைக் கேட்டு வாங்கி விசாரியுங்கள். உண்மை என்று தெரிந்தால், நூறு ரூபாயானாலும் இன்றே கட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
நோயாளிகளுக்குத் துணை நிற்கும் தன்னார்வலர்கள்,
மதுரை