சட்டைப்பை போனும் கிட்டங்கிப் பேச்சும்

கிட்டங்கிக்குள் நுழைந்தால் சிக்னல் போய்விடுகிறது என்பது நம் வணிகப் பெருமக்களின் நெடுநாள் குறை. வைஃபை அழைப்பு இதற்கு நல்ல மருந்து. கடையின் பிராட்பேண்ட் வழியாக, நமது வழக்கமான எண்ணிலேயே பேசலாம்; எதிர்முனையில் இருப்பவருக்குத் தனிச் செயலி வேண்டியதில்லை. நம் நாட்டில் ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. ஆனால் கரண்ட் போனால் ரூட்டரும் அணைந்துவிடும். சிறு யு.பி.எஸ். ஒன்று இல்லாவிட்டால் விலை பேசும்போதே பேச்சு அறுந்துபோகும்.

இந்த வசதியுள்ள சிறிய போன்களில் ஐபோன் 13 மினியைப் பலர் விசாரிக்கிறார்கள். 5.4 அங்குலத் திரை, 141 கிராம் எடை. சட்டைப்பையில் இருப்பதே தெரியாது. 2021இல் வந்த இதன் விற்பனையை ஆப்பிள் 2023 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. இன்று பெரும்பாலும் கைமாறிய போன்தான் கிடைக்கும். பேட்டரியோ பிறவியிலேயே சிறியது, அதுவும் தேய்ந்திருந்தால் நாள் முழுதும் ஆர்டர் எடுக்கும் மொத்த வியாபாரிக்குக் கட்டாது. பில்லைப் படிக்க மூக்குக்கண்ணாடியும் தேட வேண்டும்!

வைஃபை அழைப்பு பெரிய திரைப் போன்கள் பலவற்றிலும் உண்டு. ஆகவே கல்லாவுக்குப் பெரியதே ஏற்றது. சிறியதை இரண்டாவது போனாக வைத்துக்கொள்ளலாம் என்பது நமது கருத்து. எதை வாங்கினாலும், அந்த மாடலில் வைஃபை அழைப்பு இயங்குமா என்று சிம் நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.