பாதை வேண்டும், ஓடையும் வேண்டும்!

நீலகிரியிலே பாதை வேண்டாமென்றா கூறுகிறோம்? இல்லை! நோயாளி மருத்துவமனை சேர, தோட்டத் தொழிலாளியின் பிள்ளை பள்ளி செல்ல, பாதை வேண்டும். ஆனால் பாதைக்காக வெட்டிய மண்ணை ஓடையிலே தள்ளலாமா? அதைத்தான் கேட்கிறோம்.

2019 ஆகஸ்ட் 8-ல் அவலாஞ்சியிலே ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அத்தகைய மலையிலே வடிகாலற்ற பாதையே வாய்க்காலாகிவிடுகிறது. மழைநீர் மண்ணை அரித்து ஓடையிலே சேர்க்கிறது. கூழாங்கல் இடுக்குகளைச் சேறு அடைக்கிறது. அங்கே கிடக்கும் மீன்முட்டை மூச்சின்றி மடிகிறது. மோயாற்றிலே அற்றுப்போகும் நிலையிலுள்ள கூன்முதுகு மகசீர் மீனுக்குத் தெளிந்த நீரன்றோ உயிர்!

மீனோடு முடிகிறதா கேடு? அந்த மண் பவானிசாகர் அணைவரை வருகிறது. 2 லட்சம் ஏக்கருக்குமேல் பாயவேண்டிய நீரின் இடத்தை மண் பிடித்துக்கொள்கிறது. மலையிலே அலட்சியம், சமவெளி உழவனுக்கு அபராதம்!

பரிகாரம் அரிதன்று. நீரை ஒதுக்கிவிடக் குறுக்கு வடிகால், இடையிடையே சிறுபாலம், சரிவிலே வெட்டிவேர், வெட்டிய மண்ணுக்கு வேறிடம் – இவை போதும். ஒப்பந்தத்திலே கிலோமீட்டரை எழுதுவோர் வடிகாலையும் எழுதட்டும். வடிகால் முடியாத பாதைக்குப் பணம் தராதிருக்கட்டும்.

தோழர்களே! மழைக்கு முன்பே உங்கள் ஊர்ப் பாதையை நடந்து பாருங்கள். மண் சரியும் இடங்களை அதிகாரிகளிடம் எழுதிக் கொடுங்கள். ஓடையைக் காப்பதும் ஊர்ப்பணியே!