வீட்டிலிருந்தே ஒரு முதுமாணிப் பட்டம்

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் நம்மிடம் கணிதம் பயின்ற மாணவர் ஒருவர் இன்று பொதுச் சுகாதாரப் பரிசோதகராகக் கடமையாற்றுகிறார். வேலை பார்த்துக்கொண்டே விஞ்ஞானமாணிப் பட்டமும் பெற்றவர். 2021ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள் மாலை, தம் தாயாரையும் அழைத்துக்கொண்டு நம் இல்லத்துக்கு வந்தார். பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றிலே பொதுச் சுகாதாரத் தொழில்நுட்பத்தில் முதுமாணிப் பட்டத்துக்கு, ஊரை விட்டு அசையாமல் இணையவழியாகப் படிக்க விரும்பினார். அதற்கு நமது நற்சான்றுக் கடிதம் வேண்டியிருந்தது. தாயார் வந்த காரணம் வேறு.

"மாஸ்டர், ரெலிபோனுக்குள்ளால படிச்சு வாங்கிறதும் ஒரு பட்டமோ? நீங்கள் ஒருக்கால் இவனுக்குச் சொல்லுங்கோ" என்றார் அந்த அம்மையார்.

அவருக்கு நாம் கூறிய விடையை வாசகர்களுக்கும் கூறுதல் தகும். இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டிலேயே, தன் வாசலை மிதியாதவர்களுக்கும் பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கத் தொடங்கிவிட்டது. கொழும்பிலே 1921இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர்களும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை, இலண்டன் பரீட்சைக்கே தோற்றினர். நம் பாட்டனார் காலத்தில் படலையிற் பெயர்ப்பலகை மாட்டி அதன்கீழ் 'பீ.ஏ. (இலண்டன்)' என்று எழுதிவைத்த பெரியவர்களிற் பலர் இலண்டனைக் கனவிலேனும் கண்டவர்களல்லர். பாடம் கப்பலில் வந்தால் அது பட்டம், கைத்தொலைபேசியில் வந்தால் அது பட்டமன்று என்று எவ்வாறு சொல்வது?

ஆயினும் அம்மையாரின் ஐயத்தை நாம் முற்றாகத் தள்ளிவிடவில்லை. காசைப் பெற்றுக்கொண்டு கடதாசியை நீட்டும் நிலையங்களும் உலகில் உண்டு. ஆகவே, அப்பல்கலைக்கழகத்தின் பட்டத்தை நம் நாட்டுப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கின்றதா என்றும், பதவி உயர்வின்போது அது கணக்கில் எடுக்கப்படுமா என்றும், காசு கட்டுவதற்கு முன்னரே எழுத்தில் விசாரிக்கும்படி கூறினோம். முதற் கேள்விக்கு நல்ல விடை வந்தது. இரண்டாவதற்கு வந்த விடை ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. "பரவாயில்லை, சேர்" என்று சேர்ந்துவிட்டார்.

சேர்ந்த வேளை பொல்லாத வேளை. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறிற்று. பவுண் நாணயமும் அவ்வாறே உயர்ந்தது. இரண்டாம் தவணைப் பணத்துக்கு அவருடைய மனைவியாரின் இரண்டு சோடிக் காப்புகள் ஈட்டுக்குப் போயின. அந்தப் பெண் குடும்பநல உத்தியோகத்தர். கருப்பிணித் தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் வீடுவீடாகச் சென்று பார்ப்பவர். "பவுணைக் கொடுத்துப் பவுண் வாங்கினோம்" என்று அவர் சிரித்துக்கொண்டு சொன்னபோது நமக்குச் சிரிக்க முடியவில்லை. மின்வெட்டோ, மார்ச் 31ஆந் திகதி அறிவிக்கப்பட்டபடி நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை சென்றது. இலண்டனில் மாலை 6 மணிக்குத் தொடங்கும் விரிவுரை இங்கே கோடையில் இரவு 10.30, மாரியில் 11.30. வயல்வெளியும் வடிகாலும் சுற்றிக் களைத்த மனிதர், நித்திரையை விழுங்கிக்கொண்டு அதைக் கேட்கவேண்டும். அந்த ஆண்டின் நடுப்பகுதியில், படிப்பை விட்டுவிடுவதாக எழுதிய கடிதத்தை அனுப்பாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரு வாரங்கள் திரிந்ததாகப் பின்னர் நம்மிடம் கூறினார்.

புள்ளிவிபரவியல் அவரை வருத்தியது. ஆதலால் ஞாயிறு மாலைகளில் நம் வீட்டுக்கு வந்து நம்முடன் இருந்து படித்தார். உண்மையைச் சொல்வதானால் நாமும் படித்தோம். இத்துறையிலே கணினி பாதிதான். மற்றப் பாதி, நோய் எங்கே, எப்போது, யாருக்கு வந்தது என்று கேட்கும் பழைய வித்தை.

அந்த வித்தைக்குப் பாடநூல்கள் காட்டும் உதாரணம் 1854இல் இலண்டனில் நிகழ்ந்தது. சோஹோ பகுதியில் வாந்திபேதி பரவிச் சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஜோன் ஸ்னோ என்னும் வைத்தியர், இறப்புப் பதிவு அலுவலகத்திலிருந்து 83 பேருடைய மரண விபரத்தைப் பெற்று வீடுவீடாகச் சென்று விசாரித்தார். பெரும்பாலான மரணங்கள் புறோட் வீதியிலிருந்த தண்ணீர்ப் பம்பின் அண்டையிலேயே நிகழ்ந்திருந்தன. செப்டெம்பர் 8ஆந் திகதி அப்பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. இவ்வளவும் பலர் அறிந்த கதை. நம்மைக் கவர்ந்தது அதன் அயலில் நிற்கும் இன்னொரு கதை. பல மைல் தொலைவிலுள்ள ஹாம்ப்ஸ்டெட் என்னுமிடத்தில், வாந்திபேதியே இல்லாத சூழலில், ஒரு விதவை அந்நோயினால் இறந்தார். அவர் ஏன் இறந்தார் என்பதை ஸ்னோ அவருடைய மகனிடம் கேட்டறிந்தார். முன்னர் புறோட் வீதியில் வாழ்ந்த அந்த மூதாட்டிக்கு அப்பம்பின் தண்ணீரில் அவ்வளவு விருப்பம். நாள்தோறும் வண்டியில் ஒரு போத்தல் அவருக்குப் போய்க்கொண்டிருந்தது! அத்தண்ணீரைக் குடித்த அவருடைய உறவுப் பெண்ணொருத்தியும் தன் ஊருக்குத் திரும்பி இறந்துபோனாள்.

நிற்க. நம் மாணவருக்கு ஒரு பயிற்சி தரப்பட்டது. தம் பகுதியின் டெங்கு நோயாளர்களை, பெயர்களை நீக்கிவிட்டு, படத்திற் புள்ளிகளாகக் குறிக்கவேண்டும். 2017ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டில் 186,101 பேர் டெங்கு என ஐயுறப்பட்டோராக அறிவிக்கப்பட்டனர். அத்தகைய பெருந்தொகையைக் கையால் எண்ணிக்கொண்டிருத்தல் இயலாது. கணினியின் தேவை அங்கேதான். அவர் தம் குறிப்புப் புத்தகத்திலிருந்து விலாசங்களை ஏற்றினார். 'கோயிலடி' என்று மாத்திரம் எழுதப்பட்டவை எங்கே விழுவதென்று தெரியாமல் நின்றன. நம்மூரிற் கோயிலடி ஒன்றா இரண்டா! மற்றவை ஓரிரு ஒழுங்கைகளைச் சுற்றி விழுந்தன. ஒரேயொரு புள்ளி மாத்திரம் எல்லாவற்றையும் விட்டு வெகுதூரத்திலே தனியே நின்றது. விலாசம் பிழையாக இருக்கலாம், நீக்கிவிடுவோமா என்றார் அவர். கணக்கு அழகாக வரவேண்டும் என்னும் ஆசையில், நீக்கலாம் என்றோம் நாம்.

தேநீர் கொண்டுவந்து வைத்த நம் மனைவியாருடன் கதைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண், எட்டிப் பார்த்தார். "அந்த வீடு எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை கொழும்பிலே கடையில் நிற்கிறவன். இரவு பஸ்ஸிலே காய்ச்சலோடுதான் வந்து இறங்கினவன்" என்றார்.

நுளம்பு கடித்து நாலு முதல் பத்து நாட்களுக்குள் டெங்குக் காய்ச்சல் காணும். அப்படியாயின் பையனைக் கடித்த நுளம்பு கொழும்பிலே இருந்தது. நம் மாணவரோ, அவனுடைய தாயாரின் வளவிலுள்ள சிரட்டையெல்லாம் கவிழ்த்து, கிணற்றடியை ஆராய்ந்து, புகையடித்து, அந்த அம்மையாரைக் குற்றவாளிபோல் நிறுத்தியிருந்தார். அடுத்த நாட்காலை அவர் சைக்கிளில் அங்கே சென்று மன்னிப்புக் கேட்டாராம். அது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத பயிற்சி.

அன்றிலிருந்து இப்படிப்பைப் பற்றிய நமது அபிப்பிராயம் உறுதியாயிற்று. வெளிநாடு சென்று இதே பட்டத்தைப் பெறுவோரை நாம் குறைகூறவில்லை. ஆனால் ஞாயிறு இரவு கற்றதைத் திங்கட் காலை ஒழுங்கையிலே சோதித்துப் பார்க்கும் வசதி அவர்களுக்கு இல்லை. இருந்த இடத்திலிருந்து படித்தவருக்கே, புள்ளிக்குப் பின்னாலுள்ள வீட்டைத் தெரிந்த ஒருவர் அருகில் இருந்தார். பெரிய காரியங்களும் இவ்வாறே நடந்துள்ளன. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த டி.எச்.ஐ.எஸ்.-2 என்னும் இலவச மென்பொருளை, 2020ஆம் ஆண்டு ஜனவரியில், விமான நிலையத்தில் வந்திறங்குவோரைக் கொவிட் நோய்க்காகக் கண்காணிக்கும்படி முதன்முதல் மாற்றியமைத்தவர்கள் நம் நாட்டவர்களே. பின்னர் வேறு நாடுகளும் அவ்வழியைப் பின்பற்றின. மென்பொருள் எங்கிருந்தோ வந்தது. எதைக் கேட்கவேண்டும் என்பது இங்கே தெரிந்திருந்தது.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். இணையவழி மாணவன் தனியன். சக மாணவர்களின் முகம் பெட்டிக்குள் முத்திரைத் தலைபோல் தெரியும். விரிவுரை முடிந்ததும் மறைந்துவிடும். பிள்ளை படிக்கிறான் என்று வீட்டார் தொலைக்காட்சியைத் தணிப்பதும், சொந்தக்காரர் கலியாணத்துக்கு வரவில்லையென்று கோபிக்காதிருப்பதும், கட்டணத்துள் அடங்காத செலவுகள்.

2024ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தம் ஆய்வுக் கட்டுரையைச் சமர்ப்பித்தார், பட்டமும் கிடைத்தது. பதவி உயர்வு பற்றிய விடை இன்னும் வரவில்லை. கடந்த ஞாயிறு மூவரும் வந்திருந்தனர். இம்முறை நற்சான்றுக் கடிதம் வேண்டியவர் மருமகள். தாயார் தாமாகவே பேனாவை எடுத்து நம் கையிலே தந்தார். காப்புகளில் ஒரு சோடி தையிலே மீண்டுவிட்டது என்றும், மற்றதும் கைக்கு வந்த பிறகே விண்ணப்பத்தை அனுப்புவதென்றும் அந்தப் பெண் கூறினார். கடிதத்தில் திகதியிடாமல் கையொப்பமிட்டுக் கொடுத்தோம்.