உத்தியோகம் ஊருக்கு வரலாகாதா?

கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் ஜில்லாவில், ஏலாக்குறிச்சி என்றொரு கிராமம் இருக்கிறது. இத்தாலியிலே பிறந்த வீரமாமுனிவர் அவ்வூரைத் தமது தொண்டுக்கு நிலைக்களனாகக் கொண்டிருந்தார் என்பதையும், அவர் பெயரோடு இணைந்த அடைக்கல மாதா ஆலயம் இன்றும் யாத்திரிகரை அங்கே அழைத்து வருகிறது என்பதையும் நேயர்கள் அறிவார்கள். அவருடைய சபையின் தலைமைக் காரியாலயமோ ரோமாபுரியில் இருந்தது. ஒரு கடிதம் போய் அதற்கு மறுமொழி வருவதற்குள் பாய்க்கப்பல்கள் மாதக் கணக்கில் கடலிலே கிடக்கும். ஆயினும் தேம்பாவணி பிறந்தது. தொன்னூல் விளக்கம் பிறந்தது. 1732-இல் சதுரகராதி முற்றுப்பெற்றது. நாள்தோறும் காலை ஒன்பது மணிக்கு மேலதிகாரியின் கண்ணெதிரே போய் உட்காராத மனிதர் வேலை செய்தார் என்று எப்படி நம்புவது என எவரும் அப்பொழுது கேட்டதாகத் தெரியவில்லை.

இன்று அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். ஏலாக்குறிச்சியையும் திருமானூரையும் போன்ற ஊர்களில் பிறந்து, குடும்பத்தின் நிலத்தையோ நகையையோ ஈடு வைத்துப் படித்து, சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் அமர்ந்திருக்கும் நமது வாலிபர்களைக் குறித்துத்தான் சொல்லுகிறோம். சம்பளத்தில் பெரும் பங்கை வீட்டு வாடகைக்குக் கொடுத்து, ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று மணி நேரம் பஸ்ஸிலும் ரயிலிலும் நசுங்கி, ஒரு பெட்டியின் முன்னே போய் உட்காருகிறார்கள். அந்தப் பெட்டி அமெரிக்காவிலுள்ள ஒருவருக்கு வேலை செய்கிறது. அமெரிக்காவுக்கும் சென்னைக்கும் உள்ள தூரம் இடையூறு ஆகவில்லை. சென்னைக்கும் அரியலூருக்கும் உள்ள தூரம்தான் கடக்க முடியாததாகி விடுகிறதாம்!

இது வெறும் வாதம் அன்று. 2020 மார்ச்சு 25 முதல் கொள்ளைநோயின் பொருட்டு தேசம் முழுவதும் கதவடைக்கப்பட்டபோது, இந்த உத்தியோகஸ்தர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். சிலர் திண்ணையில் இருந்தும், சிலர் கம்பியில்லாச் சமிக்ஞை கிடைக்கும் மொட்டை மாடிக்கு ஏறியும் வேலை செய்தார்கள். கம்பெனிகள் மூழ்கிப் போகவில்லை. மத்திய சர்க்காரே அவ்வாண்டு நவம்பரில் பழைய தந்தித் துறை நிபந்தனைகளைத் தளர்த்தி, வீட்டிலிருந்தும் வேறெங்கிருந்தும் பணி செய்ய வழி விட்டது. விசேஷப் பொருளாதார மண்டலங்களில் உள்ளவர்களில் பாதிப்பேர் வரை ஓராண்டு வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று 2022 ஜூலையில் ஒரு விதியும் பிறந்தது. டாட்டா கன்ஸல்டன்ஸி கம்பெனி, 2025-க்குள் எந்த நேரத்திலும் தன் ஊழியரில் நூற்றுக்கு 25 பேர் காரியாலயத்தில் இருந்தால் போதும் என்ற திட்டத்தை 2020-இலேயே பெருமையுடன் வெளியிட்டது. ஆபத்து நீங்கிய பின் நடந்தது என்ன? அதே கம்பெனி 2023 அக்டோபரிலிருந்து வாரத்தில் ஐந்து நாளும் வந்தாக வேண்டும் என்றது. மற்றவர்களும் இரண்டு நாள், மூன்று நாள் என்று பின்தொடர்ந்தார்கள்.

கம்பெனிக்காரர் சொல்லும் காரணங்களில் ஒன்றை நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். புதிதாக வேலைக்கு வந்த இளைஞன், பழகியவர் பக்கத்தில் இருந்து பார்த்துக் கற்கிறான். தனி அறையில் பெட்டியோடு விடப்பட்டால் அவன் தொழிலும் வளராது, மனமும் சோரும். இதற்குப் பரிகாரம் எல்லாரையும் எந்நாளும் இழுத்து வருவதுதானா? சீனத்தில் டிரிப்.காம் என்னும் பெரிய பிரயாணக் கம்பெனியில் 1,600-க்கு மேற்பட்டோரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதியார் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தனர். வேலையின் தரம் குறையவில்லை. பதவி உயர்வும் குறையவில்லை. வேலையை விட்டுப் போவோர் தொகை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இதன் முடிவு 2024-இல் பிரபல விஞ்ஞானப் பத்திரிகையான நேச்சரில் வெளிவந்தது. இலாபத்தை மட்டுமே கருதும் முதலாளிக்கும் இது கசப்பான செய்தியன்று.

ஆகவே உண்மைக் காரணம் வேறு என்று நாம் ஐயுறுகிறோம். ஆள் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அவன் தன்னுடையவன் என்ற எண்ணம் பழைய ஜமீன் மனப்பான்மை. 2025 ஜனவரியில் லார்ஸன் அண்டு டூப்ரோ கம்பெனியின் தலைவர் வாரத்துக்கு 90 மணி நேர உழைப்பைப் போற்றி, ஞாயிற்றுக்கிழமையும் ஊழியரை வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்தியதாக வந்த செய்தியை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாரத்துக்கு 55 மணிக்கு மேற்பட்ட உழைப்பினால் விளைந்த மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் 2016 என்ற ஓராண்டில் மட்டும் உலகில் 7,45,000 பேர் மாண்டனர் என்று உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் கூட்டாகக் கணக்கிட்டன. அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கவலைக்குப் பதில் அந்தக் கணக்கில் இருக்கிறது.

இனி, 'நெகிழ்வு' என்ற சொல்லைப் பற்றி. அதைக் கேட்டவுடன் மகிழ்ந்துவிடலாகாது. 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி நமது சட்டசபையில் ஒரு தொழிற்சாலைத் திருத்த மசோதா நிறைவேறியது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளிக்குக் கொடுத்த காப்புகள் சிலவற்றிலிருந்து ஆலைகளுக்கு விலக்கு அளிக்க அது வகை செய்தது. நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு அது கதவைத் திறந்தது. மந்திரிமார் கூறிய சமாதானம் என்ன? வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறாது. வேலை நேரத்தில் நெகிழ்வு மட்டுமே வருகிறது என்றார்கள்! தொழிற்சங்கங்களும், ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளுமே எதிர்த்தெழ, மே தினத்தன்று முதல் மந்திரி மசோதா வாபஸ் என்று அறிவித்தார். சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது 1923-இல். சரியாக நூறாவது ஆண்டு நிறைவில், எட்டு மணி நேரத்தை மறுபடி காப்பாற்ற வேண்டியிருந்தது. யாருடைய கையில் நெகிழ்கிறது என்று பாராமல் நெகிழ்வை வரவேற்பவர், கயிறு எவர் கழுத்தில் இருக்கிறது என்று பாராதவரே.

வீட்டிலிருந்து செய்யும் வேலையும் அப்படித்தான். அது நமக்குப் புதிதன்று. ஜெயங்கொண்டம் வட்டாரத்து நெசவாளன் வீட்டிலேதான் தறியில் இருக்கிறான். தென்காசி, திருநெல்வேலிச் சீமையில் லட்சக்கணக்கான பெண்கள் முறத்தை மடியில் வைத்து வீட்டிலேதான் பீடி சுற்றுகிறார்கள். அடுப்பும் குழந்தையும் பக்கத்தில், கூலி எண்ணிக்கைக்கு, இலை கெட்டால் நஷ்டம் அவளுக்கு. 1966-இல் பீடித் தொழிலாளர் சட்டம் வந்து, வீட்டிலிருந்து சுற்றுகிறவளும் தொழிலாளியே என்று சொல்லிய பிறகுதான் அவளுக்கு ஓர் அந்தஸ்து பிறந்தது. வீட்டு வேலை பற்றிய 1996-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஊர்ஜிதம் செய்யவில்லை. கம்ப்யூட்டர் உத்தியோகஸ்தன் தான் பீடித் தொழிலாளியைவிட உயர்ந்தவன் என்று எண்ணிக்கொள்ளலாம். மின்சாரக் கட்டணம் அவன் தலையில், நாற்காலி அவனுடையது, இரவு பத்து மணிக்கும் மேலதிகாரியின் கட்டளை சட்டைப் பையில் மணி அடிக்கிறது என்றால், இருவருக்கும் உள்ள வேற்றுமை சம்பளம் ஒன்றுதான்.

அதே தென்காசிச் சீமையில்தான் மறுபக்கமும் காணக் கிடைக்கிறது. மத்தளம்பாறை கிராமத்தில் ஸோஹோ கம்பெனி 2011-இல் ஒரு காரியாலயத்தைத் தொடங்கியது. அதன் ஸ்தாபகர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019-இல் தாமே அங்குப் போய்க் குடியேறினார். அவருடைய பிற அபிப்பிராயங்கள் எல்லாவற்றையும் நாம் ஏற்கவேண்டுமென்பதில்லை. இந்த ஒரு காரியத்தில் அவர் செய்து காட்டினார், மற்றவர்கள் பேசினார்கள். வீட்டுக்கும் மாநகருக்கும் நடுவே, ஊருக்கு அருகில் ஒரு சிறு காரியாலயம். கற்றுக்கொடுக்க மூத்தவர் இருப்பார். பேச நாலுபேர் இருப்பார்கள். மாலையில் தாய் தந்தையர் முகம் பார்க்கலாம். ஒற்றை அறை வீட்டில் பாட்டி படுத்திருக்க, தம்பி பாடம் படிக்க, நடுவிலே வேலை செய்ய இடமில்லாதவருக்கு இதுவே ஏற்றது.

இது எல்லா ஜில்லாக்களுக்கும் வர என்ன தடை? கண்ணாடி இழைக் கம்பியை 12,525 ஊராட்சிகளுக்கும் கொண்டுசெல்லும் வேலையை ராஜ்ய சர்க்கார் மேற்கொண்டிருக்கிறது. விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் முதலிய இடங்களில் சிறு டைடல் பூங்காக் கட்டடங்கள் 2024-இல் திறக்கப்பட்டன. கட்டடம் உண்டு, கம்பி உண்டு. உத்தியோகஸ்தனுக்கு உரிமைதான் இல்லை. 2017-இல் திருத்தப்பட்ட பிரசவ உதவிச் சட்டம், 26 வார விடுமுறைக்குப் பின்னும் வேலையின் தன்மை இடங்கொடுத்தால் தாயானவளை வீட்டிலிருந்து பணி செய்ய முதலாளி அனுமதிக்கலாம் என்றது. பின் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த வாசகம் ஏறியிருக்கிறது. 'அனுமதிக்கலாம்'! அந்த 'லாம்' என்ற ஈற்றில் அவளுடைய உத்தியோகம் தொங்குகிறது. பாலூட்டும் தாய்க்கும், நோயாளியைப் பராமரிக்கிறவருக்கும், அங்கஹீனருக்கும், மறுக்கும் முதலாளி காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்றாவது சட்டம் மாறவேண்டும். வேலை நேரம் முடிந்தபின் அழைப்புக்குப் பதில் சொல்லாமலிருக்கும் உரிமையைப் பிரான்சு 2017-இலும் ஆஸ்திரேலியா 2024-இலும் கொடுத்திருக்கின்றன. நாம் ஏன் கொடுக்கலாகாது? வீட்டில் செலவாகும் மின்சாரமும் கம்பித் தொடர்பும் கம்பெனியின் கணக்கில் ஏறட்டும். ஊரிலிருந்து வேலை செய்தவன் என்பதற்காகப் பதவி உயர்வில் பின்தள்ளப்படாதிருக்க, அதுவும் நியமன உத்தரவிலேயே எழுதப்படட்டும்.

இவையெல்லாம் மேஜை உத்தியோகஸ்தருக்கு மட்டுமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அரியலூர் சிமெண்டு ஆலைத் தொழிலாளியும் பஸ் கண்டக்டரும் வீட்டிலிருந்து வேலை செய்ய இயலாது. ஆனால் ஜவுளிக் கடையில் நாள் முழுதும் நின்றே கால் வீங்கியவர்களுக்கு உட்கார ஆசனம் தரவேண்டும் என்று 2021-இல் நம் சட்டசபை திருத்தம் செய்ததே, அதுவும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். அச்சட்டம் எத்தனை கடைகளில் வழங்குகிறது என்பதை நேயர்கள் அடுத்த முறை துணி வாங்கப் போகும்போது தாமே பார்த்துக்கொள்ளலாம்.

தஞ்சாவூர்க் கட்டடம் ஏலாக்குறிச்சிக்கு ஆற்றின் அக்கரைச் சீமையில், பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது. அங்கே இடம் எடுத்திருக்கும் கம்பெனிகளும், இனி எடுக்கப் போகிறவைகளும், சென்னையில் தம்மிடம் வேலை பார்க்கும் அரியலூர், பெரம்பலூர்க்காரர்களில் விரும்புகிறவர்களுக்குச் சம்பளம் குறையாமல் மாற்றல் கொடுக்கச் சித்தமா என்று தொழில் மந்திரி ஒரு கடிதம் எழுதிக் கேட்கட்டும். வரும் பதில்களை, கம்பெனியின் பெயரோடு, இப்பத்திரிகையில் வெளியிட நாம் தயாராக இருக்கிறோம்.