‘கோர்ஸ்’ என்னும் சொல்

கல்லூரியில் பயிலும் வாசகி ஒருவர், ‘கோர்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கும் ‘ரஃப்’ என்பதற்கும் வேறுபாடு யாது எனக் கேட்டெழுதியுள்ளார். படிப்பைக் குறிக்கும் ‘கோர்ஸ்’ அன்று இது. ஒலி ஒன்றே, எழுத்தில் மட்டும் ‘யு’ இருக்கும் இடத்தில் ‘ஏ’ வரும்.

‘ரஃப்’ என்பது மேற்பரப்பைப் பற்றியது. பூசாத சுவரைத் தடவினால் கையை உறுத்துகிறதே, அது ‘ரஃப்’. அதன் மறுதலை ‘ஸ்மூத்’. ‘கோர்ஸ்’ என்பதோ, ஒரு பொருள் எத்தகைய துகளால் அல்லது இழையால் ஆனது என்பதைச் சொல்வது. பெருமணல், கல்லுப்பு, ஒன்றிரண்டாக அரைத்த காப்பித்தூள், தடித்த நூலில் நெய்த துணி ஆகியன ‘கோர்ஸ்’. இதன் மறுதலை ‘ஃபைன்’. நெசவாளர் இதை எண்ணாலேயே அறிவர். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை அடங்குமோ அதுவே பருத்தி நூலின் நம்பர்; நம்பர் குறையக் குறைய நூல் பருமனாகும்.

இதுவரை குற்றமில்லை. ஆனால் ஒரு மனிதரைக் ‘கோர்ஸ்’ என்றால், அவர் பேச்சும் நடத்தையும் இழிந்தவை என்று பொருள். துணியைச் சொன்ன சொல் வசையானது எப்படி?

‘போக்கு’ எனப் பொருள்படும் மற்ற ‘கோர்ஸ்’ என்பதிலிருந்தே இது பிறந்தது என்பர் சொல்லாய்வாளர். வழக்கமான போக்கிலுள்ளது, சாதாரணமானது என்பதே முதற்பொருள். 15-ஆம் நூற்றாண்டில் எளியோர் அன்றாடம் உடுத்திய துணிக்கு அது அடைமொழியாயிற்று. பிறகு அத்துணியை உடுத்தியவரின் நடத்தைக்கும் அதையே ஒட்டிவிட்டனர். ‘வல்கர்’ என்னும் சொல்லும் இவ்வாறே கெட்டது. இலத்தீனில் ‘வுல்குஸ்’ என்றால் பொதுமக்கள். புனித எரோணிமுஸின் விவிலிய மொழிபெயர்ப்பு ‘வுல்காத்தா’ எனப் பெயர் பெற்றது பொதுவழக்கில் இருந்ததாலேயே.

இங்கிலாந்தில் தூண்டில் போடுவோர் சால்மன், ட்ரௌட் இனங்கள் நீங்கலான நன்னீர் மீன்களை இன்றும் ‘கோர்ஸ்’ மீன்கள் என்றே அழைக்கின்றனர். தொட்டுப் பார்த்து இட்ட பெயரன்று அது.

நம் நாட்டிலோ சோளம், கம்பு, கேழ்வரகு, சாமை முதலியன அரசின் ஆங்கிலக் கணக்கேடுகளில் நெடுங்காலம் ‘கோர்ஸ் சீரியல்ஸ்’ என்ற தலைப்பின்கீழ் வைக்கப்பட்டு வந்தன. நெல்லரிசியின் பக்கத்தில் சாமையரிசியை வைத்துப் பாருங்கள், எது பருமன்? தானியத்தை அளந்து இட்ட பெயரன்று, உண்பவரை அளந்து இட்ட பெயர் என்றே நாம் கருதுகிறோம். 2018 ஏப்ரலில் இந்திய அரசு இவற்றை ‘நியூட்ரி சீரியல்ஸ்’, அதாவது ஊட்டமிக்க தானியங்கள், என அரசிதழில் அறிவித்தது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது.

ஆகவே பழைய நூல்களில் அத்தொடரைக் காணும் மாணவர் ‘மட்டமான தானியங்கள்’ என்று தமிழாக்க வேண்டா. ‘புன்செய்ப் பயிர்கள்’ என்னலாமா எனில், அங்கும் இடர் உண்டு. ‘நன்செய்’ என்பதில் நன்மை இருப்பதுபோல, ‘புன்செய்’ என்பதில் இருப்பது புன்மை.