25 கி.மீ. வரம்பை மீறும் மின்சார ஸ்கூட்டர்கள்: விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுக்கு யார் பொறுப்பு?

பதிவு எண் இல்லை, ஓட்டுநர் உரிமம் தேவையில்லை, காப்பீடும் வேண்டியதில்லை. குறைந்த வேக மின்சார ஸ்கூட்டர்களுக்கு நாட்டின் பெருநகரங்களில் சந்தை உருவானதற்கு இந்த மூன்று சலுகைகளே முக்கியக் காரணம். உணவு மற்றும் மளிகைப் பொருள்களை வீடுகளுக்குக் கொண்டு சேர்க்கும் தொழிலாளர்கள் பலர் இவற்றை வாடகைக்கு எடுத்து ஓட்டுகின்றனர்.

இச்சலுகை நிபந்தனையற்றது அல்ல. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் உட்பட்டிருந்தால் மட்டுமே அது 'மோட்டார் வாகனம்' என்ற வரையறைக்கு வெளியே நிற்கும். அந்த வரம்பைக் கடக்கும் வண்டி, சட்டத்தின் பார்வையில் வேறொரு வாகனமாகிவிடுகிறது.

வரம்பைக் கடப்பதோ கடினமாக இல்லை. பல வண்டிகளில் மோட்டார் இயல்பாகவே கூடுதல் வேகம் செல்லக்கூடியது. கன்ட்ரோலர் எனப்படும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிதான் அதை அடக்கி வைத்திருக்கிறது. அந்தக் கருவியை மாற்றுவது, 48 வோல்ட் பேட்டரிக்குப் பதிலாக 60 வோல்ட் பேட்டரியைப் பொருத்துவது போன்ற வேலைகளைச் சிறிய பழுதுபார்ப்புக் கடைகளே செய்துவிட முடியும்.

ஆனால் வேகத்துடன் மற்றவை சேர்ந்து உயர்வதில்லை. வேகம் 25 கி.மீ.யிலிருந்து 45 கி.மீ.யாகும்போது வண்டியின் இயக்க ஆற்றல் சுமார் 3.2 மடங்காகிறது, பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கும் தூரமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் நீள்கிறது. பிரேக்கும் டயரும் சட்டகமும் பழைய வேகத்துக்காக அமைக்கப்பட்டவையே. காற்றின் தடையை எதிர்கொள்ளத் தேவைப்படும் திறன் 5 மடங்குக்கும் மேலாக உயர்வதால் பேட்டரி விரைவில் தீர்கிறது, வயர்களும் பேட்டரியும் சூடேறுகின்றன. 2022-ஆம் ஆண்டு மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பற்றிய சம்பவங்களுக்குப் பிறகே, ஏ.ஐ.எஸ்.-156 என்ற பேட்டரிப் பாதுகாப்புத் தரம் கடுமையாக்கப்பட்டது. கடையில் மாற்றப்பட்ட பேட்டரி அந்தச் சோதனை எதையும் சந்தித்ததில்லை.

தண்டனைக்குச் சட்டத்தில் குறைவில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, விதிகளுக்குப் புறம்பாக வாகனத்தை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்க வகை செய்கிறது. விதிமீறலில் ஈடுபடும் தயாரிப்பாளருக்கும் விற்பனையாளருக்கும் ஓராண்டு வரை சிறையோ, வாகனம் ஒன்றுக்கு ரூ.1 லட்சம் அபராதமோ உண்டு. சிக்கல் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது: எண் பலகையே இல்லாத வண்டியை எந்தக் கண்காணிப்புக் கேமரா அடையாளம் காட்டும்?

பெரிய இழப்பு, மோதப்பட்டவருக்குத்தான். பதிவு பெற்ற வாகனமாயின் மூன்றாம் நபர் காப்பீடு இழப்பீட்டுக்கு வழிசெய்யும். இங்கே காப்பீட்டு நிறுவனமே இல்லாததால், தீர்ப்பாயம் உத்தரவிட்டாலும் உரிமையாளரிடமிருந்தே தொகையைப் பெற்றாக வேண்டும். வாடகை வண்டியை ஓட்டும் தொழிலாளி மீது பொறுப்பு விழுந்தால், அவரிடம் வசூலிக்க என்ன இருக்கும்? வண்டி நிற்காமல் சென்றுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அடையாளம் தெரியாத வாகன விபத்துகளுக்கான அரசுத் திட்டத்தில் உயிரிழப்புக்கு ரூ.2 லட்சமும், பலத்த காயத்துக்கு ரூ.50,000-உம் மட்டுமே கிடைக்கும்.

தொழிலாளர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. மற்ற வாகனங்கள் 40, 50 கி.மீ. வேகத்தில் விரையும் சாலையில் 25 கி.மீ.யில் செல்வதும் ஓர் அபாயமே. எத்தனை ஆர்டர் என்பதை வைத்து வருமானம் அமையும்போது வேகத்தின் கவர்ச்சியும் இயல்பானது. எனவே சோதனைகள் சாலையோரத்தில் ஓட்டுநரை நிறுத்துவதோடு முடியாமல், விற்பனையகங்களிலும் வாடகை நிறுவனங்களின் வண்டி நிறுத்துமிடங்களிலும் தொடங்க வேண்டும். திறக்க முயன்றால் செயலிழக்கும் கன்ட்ரோலர்களைக் கட்டாயமாக்குவதும், வேகம் தேவைப்படுவோர் எளிய கட்டணத்தில் பதிவும் காப்பீடும் பெற வழிசெய்வதும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பரிசீலிக்கத்தக்கவை.