மாளிகையும் தலையெழுத்தும்

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துத் தோழர்கள் செஞ்சிக்குப் போனால் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்து, "அந்தக் காலத்து ராஜாக்கள் என்ன கெட்டிக்காரர்கள்!" என்று ஆச்சரியப்படுவது வழக்கம். கல் சுமந்தவன் யார், அவன் வயிற்றுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர் அரிது. இந்த வியாதி நம்மவர்க்கு மாத்திரமல்ல, இங்கிலாந்திலும் உண்டு.

அங்கே ஹெர்ட்போர்டுஷயர் ஜில்லாவில் வுட்ஹால் என்றொரு நாட்டுப்புற மாளிகை இருக்கிறது. தாமஸ் லெவர்டன் என்பவர் அமைத்தது. நூற்றுக்கணக்கான அச்சுப் படங்களைச் சுவரெல்லாம் ஒட்டி அலங்கரித்த அறை ஒன்று அதில் பிரசித்தம். வேலைத்திறத்தை நாம் குறைகூறவில்லை. பணம் எங்கிருந்து வந்தது என்பதே நம் கேள்வி.

1777-இல் அதைக் கட்டத் தொடங்கியவர் தாமஸ் ரம்போல்டு. கம்பெனி உத்தியோகத்தில் வங்காளத்தில் பெரும்பொருள் திரட்டியவர். 1778 முதல் 1780 வரை சென்னைக் கவர்னர். அவருக்குப் பின் அதை வாங்கியவர் பால் பென்பீல்டு. இவர் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலிக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவர். நவாபு கடனுக்கு ஈடாகச் சீமை சீமையாக வரிவசூலை எழுதிக் கொடுத்தார். அக்கொள்ளையைக் கண்டித்து எட்மண்டு பர்க் 1785-இல் பார்லிமெண்டில் பேசிய பேச்சு உலகப் பிரசித்தம். திருவண்ணாமலைப் பக்கமும் அன்று அந்த நவாபின் கர்நாடக ராஜ்யத்தைச் சேர்ந்ததே.

வரி கட்டி மாளாமல் கலப்பையை விற்ற குடியானவனுக்கு இங்கே சொல்லப்பட்ட சமாதானம் என்ன? "எல்லாம் தலையெழுத்து" என்பதுதானே! அது தலையில் எழுதிய எழுத்தா, கடன் பத்திரத்தில் எழுதிய எழுத்தா என்று கேட்கின்றோம். பிரமன் எழுதினான் என்று நம்பியவரை, எழுதிய கை எது என்று தேட வேண்டிய அவசியமே இல்லாமற் போய்விட்டது.

1895-இல் ஏற்பட்டு, இப்படிப்பட்ட மாளிகைகளையும் காத்துவரும் நேஷனல் டிரஸ்ட், தன்வசமுள்ள 93 இடங்களுக்கு அடிமை வியாபாரத்தோடும் அன்னிய நாட்டு ஆதிக்கத்தோடும் சம்பந்தமுண்டு என்று 2020-இல் அறிக்கை வெளியிட்டது. உடனே, பெருமைக்குப் பங்கம் வந்துவிட்டதாகச் சிலர் கூச்சலிட்டார்கள். உண்மையைச் சொன்னால் இடிந்து விழுகிற பெருமை எப்படிப்பட்ட பெருமை?

நம் செஞ்சியும் 2025-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறிவிட்டது. சந்தோஷமே. கோட்டையை இடிக்கச் சொல்லவில்லை, மாளிகையைக் கொளுத்தவும் சொல்லவில்லை. கட்டுவித்தவன் பெயரைப் பொறிக்கிற பலகையிலே, வரி கொடுத்தவனையும் கல் சுமந்தவனையும் பற்றி இரண்டு வரி பொறியுங்கள் என்றே சொல்லுகின்றோம். அவ்விரண்டு வரிக்குக்கூட இடமில்லை என்றால், அந்தப் பலகை யாருக்காக நிற்கிறது?